உள்ளே வந்தும் வெளியே நிற்போர்

வேலை கிடைத்துவிட்டால் ஒருவர் சமுதாயத்திற்குள் வந்துவிடுகிறாரா? கேள்வி எளிது, விடையும் எளிதுபோலத் தோன்றும். வேலையில்லாத இளைஞன் வீட்டிலும் வெளியிலும் படும் சிறுமையை அறியாதவர் நம்மிடையே இல்லை. பெண் கேட்டுப் போகும் பேச்சில் அவனுக்கு இடமில்லை. ஊர்க் கூட்டத்தில் அவன் சொல் எடுபடுவதில்லை. திருவிழா வரி கேட்டு வருவோர்கூட அவனைத் தாண்டி அவன் தம்பியிடம் பேசுவர். ஆகவே வேலை கொடுத்துவிட்டால் போதும், மற்றவை தாமே சரியாகிவிடும் என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பாதி உண்மை. எஞ்சிய பாதியை, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களையும் நம்பி வாழும் நம் வன்னியம்பட்டி வட்டாரத்து மில் வேலையை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

அதற்கு முன் சற்றுத் தொலைவு சென்று வருவது நல்லது. ஏனெனில் வேலை மனிதனுக்கு என்ன தருகிறது என்பதை ஊன்றி ஆராய்ந்த நூல்களுள் தலையாயது, நம் ஊர்களைப் போலவே ஆலையை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரைப் பற்றியது. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்கு அருகில் உள்ள மரியந்தால் என்பது அவ்வூர். உலகப் பொருளாதாரம் சரிந்த 1929-30ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த துணியாலை மூடப்பட்டது. மாரி யகோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்னும் இளம் ஆய்வாளர் மூவரும் தம் தோழர்களுடன் அவ்வூரை நெருங்கி ஆராய்ந்து, கண்டவற்றை 1933இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த ஊரில் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவருக்கும் வேலையில்லை. அரசு அளித்த சிறு உதவித்தொகையில் உயிர் வாழ்ந்தனர்.

வேலையற்றோர் கொதித்தெழுவர் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆய்வாளர் கண்டதோ சோர்வை. கையில் நேரம் குவிந்து கிடந்தது. ஆயினும் ஊர் நூலகத்தில் நூல் இரவல் பெறுவோர் தொகை குறைந்தது. ஆலை ஓடிய காலத்தில் வேலை முடிந்து வந்து படித்தவர்கள், வேலையே இல்லாதபோது படிக்கவில்லை. சாளரத்தின் பின் மறைந்திருந்து தெருவில் செல்வோரின் நடைவேகத்தையும் அளந்து பார்த்தனர். ஆண்கள் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்கள் விரைந்து நடந்தனர். சமைப்பது, துவைப்பது, பிள்ளை பார்ப்பது ஆகியவை ஆலையோடு சேர்ந்து மூடப்படவில்லையே! ஆண்களில் மிகப் பலர் கைக்கடிகாரம், பைக்கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டனர். எங்கும் போகவேண்டியதில்லை என்றால் மணி பார்த்து என்ன பயன்?

யகோடா பிற்காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்து, 1982இல் எழுதிய மற்றொரு நூலில் இதை மேலும் தெளிவுபடுத்தினார். வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. குடும்பத்துக்கு அப்பாலும் மனித உறவுகளைத் தருகிறது. தன்னினும் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு தருகிறது. ஊரில் ஒரு தகுதியைத் தருகிறது. உடலையும் மனத்தையும் இயங்கச் செய்கிறது. கூலி போனால் பசி வரும். இவ்வைந்தும் போனால் மனிதன் தன்னையே இழக்கிறான். இராப்பகலாய்ப் பாறை உடைக்கும் பணியிலும் வேதிப்பொருள் ஆலையிலும் இளமையில் உழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில், உழைப்பினால் மனிதன் பொருளை மட்டுமன்றித் தன்னையும் ஆக்கிக்கொள்கிறான் என்னும் கருத்தை வலியுறுத்தியது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராசபாளையத்தில் மில் நிறுவனத்தைத் தொடங்கினார். எளிய மக்களிடமிருந்தும் சிறு சிறு பங்குகளாக அவர் முதல் திரட்டியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வானம் பார்த்த பூமியில் பருத்தி விதைத்துக் கொண்டிருந்த சிற்றூர்களுக்கு மில் சங்கே புதிய கடிகாரமாயிற்று. ஒரு காலத்தில் ‘மில்லில் நிரந்தரம்’ என்பது மாப்பிள்ளைக்குரிய பெருந்தகுதி. நிரந்தரத் தொழிலாளிக்குச் சேமநிதி உண்டு, பணிக்கொடை உண்டு, தீபாவளிக்குப் போனஸ் உண்டு, குறை சொல்லச் சங்கம் உண்டு. யகோடா சொன்ன ஐந்தும் அவருக்கு ஓரளவு கிடைத்தன. மில் வாசலில் கொடியேற்றிப் பேசியவர் தம் தெருவிலும் தலை நிமிர்ந்து நடந்தார்.

அந்த ஏற்பாடு தமிழகத்து நூற்பாலைகளில் 1990களிலிருந்து மளமளவெனக் கலைந்தது. நிரந்தர ஆண் தொழிலாளர்கள் ஓய்வு பெற்றும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் விலக்கப்பட்டும் குறைந்தனர். அவர்கள் இடத்தில் திருமணமாகாத இளம் பெண்கள் வந்தனர். கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பக்கங்களில் ‘சுமங்கலித் திட்டம்’, ‘மாங்கல்யத் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என மங்கலப் பெயர்கள் சூட்டப்பட்ட ஓர் ஏற்பாடு பரவிற்று. பேச்சு வழக்கில் அதற்குக் ‘கேம்ப் கூலி’ என்று பெயர். பெண்பிள்ளை மூன்று ஆண்டுகள் மில் வளாகத்து விடுதியிலேயே தங்கி உழைக்கவேண்டும். மாதந்தோறும் சிறு தொகை தருவர். உணவுச் செலவு அதிலிருந்தே கழியும். மூன்று ஆண்டுகள் முடிந்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கைக்கு வரும். நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் புரோக்கர்கள் வழியாகப் பிள்ளைகள் சென்றனர்.

திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வரும் தாய்மார்களைப் பங்குத்தந்தையர் பலரும் அறிவர். வயதுக்கு அத்தாட்சி வேண்டும் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றிருக்கும். ஏன் அம்மா இவ்வளவு தொலைவு அனுப்புகிறாய் என்று கேட்டால் வரும் விடையும் நமக்குப் பழக்கமானதே. “மூணு வருசம் கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும் சாமி. மொத்தமா ரூவா கைக்கு வந்துட்டா, அவ கல்யாணத்துக்கு நான் யார் வாசலையும் மிதிக்க வேண்டாம்ல” என்பாள் தாய். அவள் பேராசைக்காரி அல்லள். பிள்ளையை விற்கிறவளும் அல்லள். வட்டிக்கு வாங்கி மூத்தவளைக் கட்டிக்கொடுத்து, அந்த வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவள். வரதட்சணை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அந்தத் தடைக்குப்பின் பிறந்தவர்களே இன்று பாட்டிமார்! நம் பங்குகளில் அது நின்றுபோயிற்றா என்று எவரும் கேட்கத் தேவையில்லை. மூன்று முறை ஓலை வாசிக்கும் முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்த மொத்தத் தொகையைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். மூன்று ஆண்டுகளுக்கு 1,095 நாட்கள். 30,000 ரூபாயை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 27 ரூபாய் சொச்சம். 50,000 என்றால் 46 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இது பரிசன்று, நன்கொடையன்று. அவளுக்கு அன்றன்றைக்குச் சேரவேண்டிய கூலியில் பிடித்து வைக்கப்பட்ட பகுதி. இரண்டரை ஆண்டுகளில் உடல் நலிந்தோ, வீட்டில் சாவு விழுந்தோ அவள் திரும்பி வந்துவிட்டால், அத்தொகை முழுவதும் கிடைக்காமல் போன நிகழ்ச்சிகளை ஆய்வறிக்கைகள் பலவும் பதிவு செய்துள்ளன. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடுமாறு இணைச்சட்ட நூல் பணிக்கிறது. காரணத்தையும் அதே இடத்தில் சொல்கிறது: அவன் உயிர் அதையே நம்பியிருக்கிறது. பொழுது சாயுமுன் தரவேண்டியதை ஆயிரம் பொழுதுகள் சாய்ந்தபின் தருவதாகச் சொல்லும் ஓர் ஏற்பாட்டுக்கு மங்கலப் பெயர் வைத்ததுதான் வியப்பு.

திருமணத்திற்காக உழைத்தவர் ஒருவர் விவிலியத்தில் உண்டு. இராகேலுக்காக ஏழாண்டுகள் லாபானிடம் ஆடு மேய்த்த யாக்கோபை நாம் காதல் கதையின் தலைவனாகவே மறையுரைகளில் காட்டிவருகிறோம். கூலித் தொழிலாளியாகவும் அவரைப் பார்க்கலாம். தவணை முடிந்த இரவில் வாக்கு மாற்றப்பட்டது. மேலும் ஏழாண்டுகள் சேர்ந்தன. தம் கூலி பத்து முறை மாற்றப்பட்டதாகப் பின்னர் அவர் முறையிடுகிறார். ஊருக்குத் திரும்ப விரும்பியபோது சொல்லிக்கொண்டு வெளியேற அவரால் இயலவில்லை. இரகசியமாகவே கிளம்பினார், லாபான் துரத்தி வந்தார். இக்கதையில் நாம் அதிகம் படிக்காத வரியொன்று உண்டு. லேயாவும் இராகேலும், தம் தந்தை தம்மை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டதாகச் சொல்கின்றனர். யாருடைய திருமணத்துக்காக அத்தனை ஆண்டு உழைப்பும் நடந்ததோ, அந்தப் பெண்களின் கணக்கு அது.

“யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லையே! அவர்களே விரும்பித்தானே போகிறார்கள்?” என்பது வழக்கமான மறுப்பு. பங்கிலேயே, கற்றவர் வாயிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறோம். தள்ளிவிடத்தக்க மறுப்பன்று இது. விருப்பம் என்பது மனித மாண்பின் வேர். ஒருவர் தாமே தேர்ந்ததை நாம் தீதென்று சொல்ல நமக்கென்ன உரிமை? இதற்கு 1891லேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் விடை கண்டார். முதலாளியும் தொழிலாளியும் தாராளமாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆயினும் எந்த ஒப்பந்தத்துக்கும் மேலான ஓர் இயற்கை நீதி உண்டு. வறுமையினாலோ, இதைவிடக் கேடானது நேருமென்ற அச்சத்தினாலோ ஒருவர் கடுமையான நிபந்தனைக்கு இணங்கினால், அவர் வன்முறைக்கு ஆளானவரே என்பது அவர் தீர்ப்பின் சாரம். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, தொழிற்புரட்சிக் காலத்தில் எழுந்த அந்தச் சுற்றுமடலை நினைவுகூர்ந்தே அதே பெயரைச் சூடிக்கொண்டதாகக் கூறினார். 134 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பெயர் தேவைப்படுகிறது.

எனினும் விருப்பமென்பதை முற்றிலும் பொய்யென்று ஒதுக்கிவிடுவதும் சரியன்று. மில்லுக்குப் போய்வந்த பெண்களில் சிலர் அந்த நாட்களை வெறுப்போடு பேசுவதில்லை. வெயிலில் பருத்தி எடுப்பதைவிட, தீப்பெட்டிக் குச்சி அடுக்குவதைவிட அது மேல் என்பர். முதன்முறையாக ஒரே வயதுப் பெண்கள் நூற்றுவரோடு இருந்தோம், சிரித்தோம், சாதி பார்க்காமல் ஒரே தட்டில் தின்றோம் என்பர். பதினேழு வயதில் கழுத்தில் தாலி ஏறாமல் தப்பினோம் என்பாரும் உண்டு. இவற்றைக் கேட்காமல் எழுதுகிறவர் அப்பெண்களுக்காக எழுதவில்லை.

ஆகவே யகோடாவின் ஐந்தையும் இங்கே உரைத்துப் பார்க்கவேண்டும். நாளுக்கு ஒழுங்கு? மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் உண்பதும் ஷிப்டுக்குப் போவதுமாக அது நிறையவே உண்டு. உறவுகள்? உண்டு, ஆனால் மதிலுக்குள் மட்டும். உடலுக்கு இயக்கம்? இயந்திரத்தோடு ஓடி ஓடி அறுந்த நூலை முடிபவளுக்கு அதில் குறையேயில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் படியுமளவுக்கு உண்டு. தகுதிதான் இடிக்கிறது. ஏட்டில் அவள் தொழிலாளி அல்லள், ‘பயிற்சியாளர்’. ஒரே வேலையை மூன்றாண்டுகள் செய்தும் பயிற்சி முடியவில்லை. முடிந்த அன்றோ அவளுக்கு அங்கு வேலையில்லை! ஊருக்குத் திரும்பினால், விடுதியில் இருந்து வந்தவள் என்று மாப்பிள்ளை வீட்டார் குறை பேசிய இடங்களும் உண்டு. மரியந்தாலில் வேலை இல்லாமையால் மனிதர் கடிகாரத்தைத் துறந்தனர். இங்கே வேலை இருந்தும் கடிகாரம் அவளுடையதாக இல்லை.

ஐரோப்பிய ஆய்வுலகில் ‘சமூக விலக்கம்’ என்னும் சொல் பெருவழக்குப் பெற்றது 1974இல் பிரெஞ்சு அரசு அதிகாரி ரெனே லெனுவார் எழுதிய நூலுக்குப் பின்னரே. நாடு வளர்ந்துகொண்டிருக்கையில் பிரெஞ்சு மக்களில் பத்தில் ஒருவர் வெளியே தள்ளப்பட்டு நிற்கிறார் என்றார் அவர். விலக்கம் நோயென்றால் மருந்து என்ன? உள்ளடக்கம். 2000ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், விலக்கத்துக்கு எதிரான சிறந்த காப்பு வேலையே என்னும் எண்ணத்தைக் கொள்கையாக்கினர். அதற்கு ஈராண்டுகள் முன்பே, 1998இல், பிரித்தானியச் சமூகவியலாளர் ரூத் லெவிட்டாஸ் இந்த எண்ணத்தின் ஓட்டையைச் சுட்டியிருந்தார். உள்ளடக்கம் என்றால் கூலிவேலை என்று சுருக்கிவிட்டால், உள்ளே வந்தவர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு கண்ணுக்கு மறைந்துவிடும். வீட்டில் கூலியின்றி உழைக்கும் பெண்ணோ கணக்கிலேயே வரமாட்டாள்.

நம் நாட்டவரான அமர்த்தியா சென் 2000ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கிக்காக எழுதிய ஆய்வுரையில் இதை இன்னும் கூர்மையாக்கினார். வெளியே நிறுத்தப்படுவதால் வரும் கேடு ஒன்று. கேடான நிபந்தனைகளோடு உள்ளே சேர்க்கப்படுவதால் வரும் கேடு மற்றொன்று. இரண்டும் வேறு; ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. கொத்தடிமையைப் பொருளாதாரத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்று சொல்லமுடியுமா? அவர் அதற்குள் நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறார். நம் சேரிகளின் வரலாறு இதுதான். வயலுக்குள் தினமும் வரவேண்டும், தெருவுக்குள் வரக்கூடாது. கோயிலுக்குள் வந்தும் தனி வரிசை, இறந்தபின் தனிக் கல்லறை. ஐரோப்பியர் ‘உள்ளடக்கம்’ என்ற சொல்லை உருவாக்கும் முன்னரே, உள்ளே வைத்துக்கொண்டே வெளியே நிறுத்தும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம்.

வேலையின் நன்மை தீமையை எதைக்கொண்டு அறிவது? இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியைப் பார்ப்போம். மருத்துவமனைகளில் காயத்தைச் சுற்றும் பேண்டேஜ் துணி அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. செல்வம் கொழிக்கும் தொழிலன்று. தறிக்காரரின் கூலி குறைவு, இரைச்சலோ காதைப் பிளக்கும். ஆயினும் கூலி ஒப்பந்தம் முடியும் காலத்தில் அங்கே என்ன நடக்கிறது? சங்கங்கள் உயர்வு கேட்கும். கிடைக்காவிட்டால் தறி நிற்கும். அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு நடக்கும். இழுபறிக்குப்பின் கேட்டதில் ஒரு பகுதி கிடைக்கும். தறியை நிறுத்தியவர் தம் வீட்டுக்குத்தான் போகிறார். அடுத்த வீட்டுக்காரரும் தறிக்காரரே. கடைக்காரர் கடன் சொல்லிச் சாமான் தருவார். விடுதிப் பெண்ணால் அப்படி நிறுத்தமுடியுமா? நிறுத்தினால் அவள் எங்கே போவாள்? வாசலில் காவலாளி, கைபேசிக்குக் கட்டுப்பாடு, வீடு 100 கிலோமீட்டருக்கு அப்பால், ஈட்டிய பணமோ அலுவலகப் பெட்டியில். இருவரில் அவளுக்கு மாதக் கூலி சற்றுக் கூடுதலாகவே இருந்தாலும், ‘இல்லை, முடியாது’ என்று சொல்லக்கூடியவர் தறிக்காரரே. நமது எளிய அளவுகோல் இதுதான்: முடியாது என்று சொல்லிவிட்டு, நேற்றுவரை உழைத்த கூலியோடு, அவமானமின்றி வெளியேற வழியிருந்தால்தான் உள்ளே வந்ததற்குப் பொருள் உண்டு.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கிரேஸ் கார்ஸ்வெல், கியர்ட் டெ நேவ் ஆகியோர் திருப்பூர்ப் பகுதிச் சிற்றூர்களில் பல்லாண்டு ஆய்ந்து எழுதியவையும் இதற்கு அரண் செய்கின்றன. ஓர் ஊரில் தலித் மக்கள் பனியன் கம்பெனிகளுக்குச் சென்று வரத் தொடங்கியதும் பண்ணையார்களின் பிடி தளர்ந்தது. அதே வட்டாரத்தின் மற்றோர் ஊரிலோ, விசைத்தறி முதலாளிகளிடம் முன்பணம் வாங்கிய தலித் குடும்பங்கள் கடனைத் தீர்க்காமல் தறியை விட்டு நகரமுடியாமல் நின்றன. வளர்ச்சி இரண்டு ஊர்களுக்கும் வந்தது. ஒன்றில் அது கதவாயிற்று, மற்றொன்றில் பூட்டாயிற்று. சத்திரப்பட்டியைப் புகழ்ந்த நாம், எல்லாத் தறிகளும் விடுதலை தருவன என்று சொன்னதாகக் கொள்ளவேண்டா. முன்பணம் என்பது நம் மக்களின் கழுத்தில் விழும் மிகப் பழைய கயிறு.

உரிமை என்று வழங்கப்படுவதும் சிலவேளை இவ்வாறே திரும்பிக்கொள்கிறது. பெண்களை இரவில் ஆலைவேலைக்கு வைக்கலாகாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, சமத்துவத்துக்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கிற்று. தக்க பாதுகாப்போடு பெண்களும் இரவுப்பணி செய்யலாமென்றது. கோட்பாட்டளவில் நாம் அதை வரவேற்கிறோம். மறுக்கக்கூடியவளுக்கு அது உரிமை. மறுக்க இயலாதவளுக்கு அது இன்னொரு ஷிப்டு.

ஆயின் தனியொருத்தியால் எப்படி மறுக்கமுடியும்? தொழிலாளர் சங்கம் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கொடியின் நிறம் பற்றிய அச்சம் அது. தூத்துக்குடிக் கோரல் மில்லில் 1908இல் வ.உ. சிதம்பரனார் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையும் ஒன்று. போராட்டம் வென்றது. ஞாயிறு திருப்பலிக்குத் தடையின்றி வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அதற்காக ஒரு சைவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருந்தனர்! ஜெர்மனியில் 1949ஆம் ஆண்டு போகம் நகரில் கூடிய கத்தோலிக்க மாநாடு, ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெறுவது இயற்கை உரிமை என்றே அறிவித்தது. அந்த ‘இயற்கை உரிமை’ என்னும் சொல்லைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மறு ஆண்டே ஏற்க மறுத்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனினும் 1951இல் வந்த சட்டம், அந்நாட்டு நிலக்கரி, எஃகுத் தொழில்களின் மேற்பார்வைக் குழுக்களில் தொழிலாளர் தரப்புக்குச் சமபங்கு இடங்களை அளித்தது. நம் விடுதிகளில் சாப்பாட்டுக் குழுவுக்குக்கூடப் பிள்ளைகளின் பிரதிநிதி இருக்கிறாரா என்று கேட்டால் வார்டன்கள் நம்மை விநோதமாகப் பார்ப்பர்.

இங்கு நூற்ற நூல் ஐரோப்பாவுக்குப் போவதால் அங்குள்ளோர் கண்ணும் இங்கே திரும்பிற்று. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011லும் 2014லும் தமிழக நூற்பாலைப் பெண்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகள் வெளிநாட்டு அங்காடிகளைக் கலங்க வைத்தன. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபின், வாங்குவோருக்கும் பொறுப்புண்டு என்னும் குரல் வலுத்தது. பிரான்ஸ் 2017இல் சட்டம் இயற்றிற்று; ஜெர்மானியச் சட்டம் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நெறியாணையை நிறைவேற்றி, மறு ஆண்டே அதன் எல்லையைச் சுருக்க முற்பட்டது. இங்கே தமிழக அரசும் 2014இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளைப் பதிவுக்கு உட்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ‘சுமங்கலி’ என்ற பெயர் பலகைகளிலிருந்து மறைந்தது. பெயர் மறைந்ததும் வழக்கமும் மறைந்துவிட்டதாகக் கொள்ளமுடியாது. மொத்தத் தொகை சேமநிதியென்றும் ஊக்கத்தொகையென்றும் உருமாறியதுண்டு. எல்லா மில்களையும் ஒரே தராசில் நிறுப்பதும் நீதியன்று. மாதந்தோறும் வங்கியில் ஊதியம் செலுத்தி, பிள்ளைகளைத் தொலைதூரக் கல்வியில் சேர்த்துவிடும் நிர்வாகங்களும் இருக்கின்றன.

வெளிநாட்டார் கண்காணிப்பு நல்லதே. ஆயினும் தணிக்கையாளர் வரும் நாளில் மட்டும் விடுதி வெள்ளையடிக்கப்படும் என்பதை யாரும் அறிவர். 2022 ஏப்ரலில் உருவான ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ சற்று வேறுபட்டது. ஓர் ஆடையாலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் 2021 சனவரியில் கொலையுண்ட பின்னர், பெண்கள் தலைமையிலான உள்ளூர்த் தொழிற்சங்கமொன்று ஆலை உரிமையாளரையும் அங்கிருந்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, பணியிடத்திலேயே தொழிலாளருக்குள் கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றனர். ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் தணிக்கையாளரைவிட, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவள் அதிகம் காண்பாள் அன்றோ? ஒரு பெண்ணின் உயிர் போனபின்பே அது வந்தது என்பதையும் மறக்கலாகாது.

இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் முன்போல் விடுதிக்குப் போவதில்லை. கல்லூரிக்குப் போகிறார்கள், மில்லுக்குப் போகிறவர்களும் கம்பெனி வேனில் காலையில் சென்று மாலையில் திரும்பவே விரும்புகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களின் இளையோர் நிரப்புகின்றனர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோரில் பழங்குடிக் கத்தோலிக்கரும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகச் சான்றிதழ் கேட்டு நம்மிடம் வரத் தாய் இல்லை. வந்தாலும் அவள் மொழி நமக்குத் தெரியாது. தமிழகத்து விடுதிப் பெண் 100 கிலோமீட்டர் தொலைவால் கட்டுண்டிருந்தாள் என்றால், இவர்கள் 2,000 கிலோமீட்டர் தொலைவாலும் மொழியாலும் கட்டுண்டிருக்கின்றனர். கிறிஸ்து பிறப்பு இரவில் கோயிலின் கடைசி வரிசையில் வந்து நின்று, சமாதான வாழ்த்துக்குக் கைகூப்பத் தயங்கி, வேன் காத்திருக்கிறதென்று நற்கருணை வாங்கியவுடன் கிளம்பிவிடும் இளையோரைப் பங்குமக்களும் கண்டிருப்பீர்கள்.

நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உரிமையாளர் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போய், வேலையின்றி நின்றோரை அழைத்ததை நாம் போற்றுகிறோம். அன்றைய பொழுதுக்குள்ளேயே கணக்குத் தீர்த்து, அவரவர் கையில் கூலியைக் கொடுத்து அனுப்பியதும் அதே உவமையில்தான் வருகிறது. இந்த அளவை ஆலைகளுக்கு வைக்கிறவர்கள், கோயில்பிள்ளை, உபதேசியார், பள்ளிக்கூட ஆயா, கெபி கட்டும் கொத்தனார் ஆகியோர்க்கும் வைக்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பங்குப் பேரவைகளின் வரவுசெலவு ஏட்டில் அந்தப் பக்கத்தை மக்களே எடுத்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் உண்டு. ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கும் வேலைக்காக நம் ஊருக்கு வந்தவர்களுக்கும் ஒரு பதிவேடு வைப்பது கடினமன்று. பெயர், வயது, எந்த ஆலை, எந்த விடுதி, அழைத்துப்போனவர் யார், கூலி மாதந்தோறும் வங்கியில் விழுகிறதா, ஞாயிறு வெளியே வர விடுகிறார்களா, வீட்டார் எப்போது கடைசியாகப் பேசினர் என்று எழுதி, ஆறு மாதத்துக்கொருமுறை அன்பியக் கூட்டத்தில் அதைப் புரட்டிப் பார்க்கலாம். இந்தி தெரிந்த அருட்சகோதரி ஒருவரோ, வடநாட்டில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பங்கைச் சேர்ந்த ஒருவரோ உடன் வந்தால் விடுதி வாசலில் போய் நிற்கவும் நின்று கேட்கவும் முடியும். காவலாளி முதலில் உள்ளே விடமாட்டார். அவர் கேட்கும் கேள்விகளையும், சொல்லும் காரணத்தையும்கூட அந்தப் பதிவேட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.